காரணம் கேட்காத வழக்கு

“ஐயா, நீங்க பொண்ணு வீட்டுப் பக்கமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?” என்று வக்கீல் அம்மா கேட்டபோது, அவருடைய பேனா தாளுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. விடை கிடைக்காமல் அந்தரத்தில் நின்ற அந்தப் பேனாவை என்னால் இன்றும் மறக்க இயலவில்லை. என் வலப்புறம் என் மகன் அமர்ந்திருந்தான். இடப்புறம் என் தங்கையின் மகள் அமர்ந்திருந்தாள். அவர்கள் இருவரும் கணவன் மனைவி. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பி, ஒரே ஆட்டோவில் என்னை நடுவில் அமர்த்திக்கொண்டு, தூத்துக்குடி நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள்.

“ரெண்டு பக்கமும் நான்தாம்மா” என்றேன்.

வக்கீல் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண் இப்போது எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்டார். என் வீட்டில் என்றேன். பையன் எங்கே என்றார். என் கடையின் மாடியில் என்றேன். இருவருக்கும் சாப்பாடு எங்கே என்றார். அதுவும் என் வீட்டில்தான், என் தங்கை சமைக்கிறாள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். “வழக்கமா ரெண்டு வீட்டு ஆளுங்களையும் இந்த ரூம்ல ஒண்ணா உக்கார வைக்கவே முடியாது ஐயா. நடுவுல மேசையப் போட்டுத்தான் பேசணும். நீங்க என்னடான்னா சினிமாவுக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க” என்றார். நாங்களும் சிரித்தோம். 

எங்கள் குடும்பம் எவ்வாறு அமைந்தது என்பதை இவ்விடத்தில் கூறிவிடுதல் முறை. எனக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் ஒரு கடை. விசைப்படகுகளுக்கும் தோணிகளுக்கும் வேண்டிய கயிறு, தார்ப்பாய், பெயிண்ட் ஆகியவற்றை விற்று வருகிறேன். பூர்வீகம் ஏரலுக்கு அருகில், பனைகள் நிறைந்த ஒரு சிற்றூர். என் மனைவி மகனைப் பெற்றுத் தந்த சில மாதங்களிலேயே நோயுற்று மறைந்தாள். அதற்கு அடுத்த ஆண்டு என் தங்கை கணவனை இழந்து, கைக்குழந்தையான மகளுடன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தாயற்ற பிள்ளையும் தந்தையற்ற பிள்ளையும் அவள் ஒருத்தியின் மடியில் வளர்ந்தன. இருவருக்கும் எண்ணெய் தேய்த்தவள் அவளே. இருவரையும் ஒரே தென்னை விளக்குமாற்றுக் குச்சியால் அடித்தவளும் அவளே. சாப்பாட்டு வேளையில் சீலா மீனின் நடுத்துண்டு யாருக்கு என்று அவர்கள் போடும் சண்டை, கடையிலிருந்து திரும்பும் என் காதில் தெருமுனையிலேயே விழும்.

பிள்ளைகள் வளர்ந்ததும் திருமணப் பேச்சு எழுந்தது. பேச்சு எழுந்தது என்று சொல்வதுகூடப் பிழை. அது எப்போதும் அங்கேயே இருந்தது. எங்கள் உறவினரிடையே அத்தை மகள் ஒருத்தி வீட்டிலேயே இருக்க, பையனுக்கு வெளியே பெண் தேடினால், அந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்றுதான் நாலு பேரும் கேட்பார்கள். முறைக்காரர்கள் ஒரே வீட்டில் வளர்ந்தால் அது அதிர்ஷ்டம் என்றே எல்லாரும் நினைத்தோம். குணம் தெரியும், உடம்பு தெரியும், ஒளிக்க ஒன்றும் இல்லை. “வீட்டுப் பிள்ளை வீட்டுலயே இருக்கும்லாண்ணே” என்று தங்கை சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதிக்கு எதிராகச் சொல்ல எவரிடமும் எதுவும் இல்லை. திருமணத்தன்று நான் பட்ட பாடு உறவினர்களுக்குப் பெரும் வேடிக்கையாகிவிட்டது. தாய்மாமன் என்ற முறையில் பெண்ணுக்குரிய பட்டுச் சேலையையும் மாலையையும் தாம்பாளத்தில் ஏந்தி மண்டபத்துக்குள் வர வேண்டியவன் நான். மாப்பிள்ளையின் தகப்பன் என்ற முறையில் வாசலில் நின்று அந்தச் சீரை வரவேற்க வேண்டியவனும் நான். “அண்ணாச்சி, கொஞ்சம் ஓடியாங்க, ஒங்களை வரவேற்க ஆளு இல்ல” என்று ஒருவர் கூவ, மண்டபமே சிரித்தது.

திருமணத்துக்குப் பின் வீட்டில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தை நான் கவனித்தேன். எதையும் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் குணம் எனக்குச் சிறு வயது முதல் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோன குறையை நூலகத்தில் அமர்ந்து நிறைவு செய்துகொண்டவனுக்கு அந்தக் குணம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். நான் கவனித்தது இதுதான்: மீன் துண்டுக்கான சண்டை நின்றுவிட்டது. “நீ எடுத்துக்கோ” என்று அவன் சொல்வான். “வேண்டாம், நீங்க சாப்பிடுங்க” என்று அவள் சொல்வாள். பிறந்ததிலிருந்து ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி அழைத்துக்கொண்டிருந்த இருவரிடையே திடீரென்று மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. மகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை செய்பவன். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுத்த கப்பலை எண்ணி நாள் பார்க்கத் தொடங்கினான். அவள் சுங்க வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கர். அவன் ஊரில் இருக்கும் நாள்களில் மட்டும் அவளுக்கு மாலையில் வேலை மிகுந்துவிடும். பிறகு, சூடு அதிகம் என்று காரணம் சொல்லி, அவன் கடை மாடிக்குப் படுக்கையைக் கொண்டுபோனான். கடை மாடிதான் எங்கள் வீட்டைக் காட்டிலும் சூடு.

ஒரு நாள் நடுப்பகலில் இருவரும் சேர்ந்து கடைக்கு வந்து, பிரிந்துவிட விரும்புவதாக என்னிடம் சொன்னார்கள். அவன் தொடங்கி வைத்த வாக்கியத்தை அவள் முடித்தாள். அன்று மாலை அதனைத் தங்கையிடமும் சொன்னார்கள். அவள் அழவில்லை. தன் மகளை எதிரே உட்கார வைத்துக் கேள்விகளைத் தொடுத்தாள்.

“குடிக்கானா?”

“இல்லம்மா.”

“கைய ஓங்குனானா?”

“சே, இல்ல.”

“கப்பல் போற ஊருல எவளையும் வச்சிருக்கானா?”

“அவன் மூஞ்சிக்கா?” என்றாள் மகள். மகன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“அப்போ என்னத்துக்கு ஏளா இந்தக் கூத்து? காரணத்தைச் சொல்லு. ஒரு காரணத்தைச் சொல்லிட்டு எங்க வேணாலும் போ.”

அவள் காரணம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. “ஒத்து வரல” என்ற இரண்டு சொற்களை மட்டும் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

எனக்கும் அந்தக் காரணத்தை அறியும் ஆவல் மிகுதியாக இருந்தது. மனிதர்களிடம் கிடைக்காத விடையைப் புத்தகத்தில் தேடுவது என் வழக்கம் ஆதலால், நூலகத்தில் திருமணச் சட்டம் பற்றிய தமிழ் நூல் ஒன்றை எடுத்துப் படித்தேன். அதில் எனக்கு இரண்டு வியப்புகள் காத்திருந்தன. முதலாவது: ஒருவர் மட்டும் விவாகரத்து கோரினால் கூற வேண்டிய காரணங்களின் வரிசை அங்கே இருந்தது. கொடுமை, பிறரோடு உறவு, கைவிட்டுப் போதல் என்று அது நீண்டது. என் தங்கை சட்டம் படித்தவள் அல்லள். ஆயினும் அவள் கேட்ட கேள்விகள் அந்த வரிசையை ஒட்டியே இருந்தன. இரண்டாவது வியப்பு பெரிது. இருவரும் மனமொத்துப் பிரிவதானால் அந்த வரிசையில் எதுவுமே தேவையில்லை. ஓராண்டு காலம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ இயலவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டும். ஏன் இயலவில்லை என்று சட்டம் கேட்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அதுவும் பிரிந்து வாழ்ந்ததாகவே கொள்ளப்படும் என்று வக்கீல் அம்மா பின்னர் விளக்கினார். ஒரு மூட்டை வெங்காயம் அழுகிப்போனாலும் ஏன் என்று ஆராயும் மனிதன், இரண்டு வாழ்க்கைகள் பிரியும்போது ஏன் என்று கேளாமல் விடுவது எங்ஙனம்? இதைத் தங்கையிடம் சொன்னேன். “கோர்ட்டுக்கு என்னண்ணே, கேக்காமப் போயிரும். ஊருல நாலு பேரு கேப்பாகளே, அதுக்கு நானுல்லா பதில் சொல்லணும்” என்றாள்.

மனு தாக்கல் ஆயிற்று. ஆறு மாதம் கழித்து இருவரும் நேரில் வந்து, மனம் மாறவில்லை என்று மறுபடி சொன்னால்தான் தீர்ப்பு என்றார்கள். ஒருவர் வராவிட்டாலும் காரியம் நிற்கும். அந்த ஆறு மாதத்தையும் தங்கை தனக்கு அளிக்கப்பட்ட தவணையாக எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டாள். நேர்த்திக்கடன் என்று சொல்லி இருவரையும் திருச்செந்தூருக்குப் பேருந்தில் அனுப்பினாள். திரும்பி வந்ததும், வழியில் என்ன பேசினீர்கள் என்று ஆவலோடு விசாரித்தாள். “பஸ்சுல ஒரே கூட்டம் அத்தை. அவளுக்கு முன்னால சீட்டு, எனக்குக் கடைசி சீட்டு” என்றான் மகன். ஏரலிலிருந்து எங்கள் வகையில் மூத்தவர் ஒருவரை வரவழைத்தாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டு என் மகனைப் பார்த்து, “ஏலே, கப்பக்காரன் வீட்ல இருக்கதே மழைக்கு ஒதுங்குன மாதிரி. அதுக்குள்ள சண்ட போட ஒனக்கு நேரம் எங்கன கெடச்சுது?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை மகள் மட்டும் அமைதியாக, “சண்டையே வரல பெரிய மாமா. அதான்” என்றாள். அவர் அதை வேறொரு வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் என்னைப் பல நாள்கள் தொடர்ந்து வந்தது.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் மகனுக்குக் கப்பல் வந்தது. கம்பெனி குறித்த நாளில் அவன் மும்பையில் இருக்க வேண்டும். அது வாய்தாவுக்கு முந்தைய வாரம். ஏறிவிட்டால் ஒன்பது மாதம் கடலில். தங்கை அன்று என் முன்னே கைகூப்பினாள். அவள் என் முன் கைகூப்பியது அதுவே முதல் முறை. “அண்ணே, போகச் சொல்லுங்க. கடவுளாப் பாத்து அனுப்புன கப்பல் இது. அவன் வரதுக்குள்ள ரெண்டு பேருக்கும் மனசு மாறிரும். ஒங்க பேச்சை அவன் தட்ட மாட்டான்.” அவள் சொன்னது உண்மை. அன்று பிற்பகல் மகன் வந்து நின்றான். “அப்பா, கம்பெனிக்காரன் தேதி மாத்த மாட்டேங்கான். இதை விட்டா அடுத்தது எப்போன்னு தெரியாது. போகவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க” என்றான். நாளை சொல்கிறேன் என்றேன். ஓர் ஒப்பந்தத்துக்காக அவன் என் வாயைப் பார்த்தான். ஆனால் அவன் கேட்டது அவர்கள் இருவரின் வாழ்க்கையைப் பற்றி என்பதை நான் உணர்ந்தே இருந்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் தங்கை மகள் வழக்கம்போல் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அந்நேரம் ஒரு படகுக்காரருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் வரை நடந்தாள். சிறுமியாக இருந்த காலம் முதல் அவள் செய்துவரும் வேலை அது. படகுக்காரர் போனபின், கேட்டேவிட்டேன்.

“ஒனக்கு வேண்டியதை நான் செய்யுதேன் தாயி. ஆனா எனக்கு மட்டுமாவது சொல்லு. என்னதான் சங்கதி?”

அவள் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தாள். “அம்மாட்ட சொல்லக் கூடாது மாமா.”

“சொல்ல மாட்டேன்.”

“சின்னதுல எங்க ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல அம்மை போட்டுச்சே, நெனவிருக்கா? ஒரே பாயில ரெண்டு பேரையும் போட்டு, நடுவுல உக்காந்து அம்மா வேப்பங்குழையால மாறி மாறி வீசிக்கிட்டே இருந்தாளே.”

“இருக்கு.”

“அந்தப் பாய்தான் மாமா எனக்கு எப்பவும் வருது. அவனுக்கும் அப்பிடித்தானாம். கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே பேசிக்கிட்டோம். போகப் போகச் சரியாயிரும்னு நெனச்சோம். ரெண்டு பேரும் நெசமாவே முயற்சி பண்ணுனோம்.” சற்று நிறுத்தி, சாலையில் சென்ற லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அவன் கப்பல்ல இருக்கும்போது, அவன் நல்லாருக்கணும்னு தவிப்பேன். வீட்டுக்கு வந்துட்டா, எங்கயாச்சும் ஓடிரலாமான்னு இருக்கும். எங்க மேலயும் குத்தம் இல்ல, யாரு மேலயும் குத்தம் இல்ல. ஆனா இத அம்மாட்ட எப்பிடிச் சொல்ல? ரெண்டையும் ஒண்ணு போல வளத்ததுதான் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிராதா?”

நான் பல மாதங்களாகத் தேடிய காரணம் அதுவே. அது கிடைத்ததும் எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி துயரம் அன்று, வியப்பு. தாயற்ற பிள்ளைக்குத் தாய் கிடைத்தது என்றும், தந்தையற்ற பிள்ளைக்கு வீடு கிடைத்தது என்றும் நாங்கள் மகிழ்ந்திருந்தோம். அவ்விருவரும் உடன்பிறப்புகளாகிவிட்டதை மட்டும் எவரும் காணவில்லை. முறை என்பது பிறப்பால் உறுதியாகிவிடுகிறது என்று நினைத்தோம். ஒரே கையால் ஊட்டப்பட்ட சோறும் ஒரு முறையை உண்டாக்கும் என்று நினைக்கவில்லை. கூடவே இன்னொன்றும் விளங்கிற்று. காரணம் கேளாமல் விடும் சட்டத்தை நான் அரைகுறைச் சட்டம் என்று எண்ணியிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்காததனால்தான் இந்தப் பிள்ளைகள் ஒரு தாயைக் காயப்படுத்தாமல் வெளியே வர முடிகிறது என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை, தங்கையும் இருக்கும்போதே, மகனிடம் சொன்னேன்: “வாய்தாவை முடிச்சிட்டுக் கப்பல் ஏறு. வேற கப்பல் வரும்.” தங்கை எழுந்து அடுக்களைக்குள் போனாள். அதன் பிறகு வாய்தா நாள் வரை அவள் என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வரும்; போதுமா என்ற கேள்வி வராது. அந்தக் கப்பல் அவனின்றியே புறப்பட்டுச் சென்றது.

வாய்தா அன்று நீதிமன்ற வராந்தாவில் எத்தனையோ குடும்பங்கள் நின்றிருந்தன. ஒவ்வொரு குடும்பமும் இரண்டாகப் பிரிந்து, வராந்தாவின் இரு ஓரங்களில், ஒன்றன் முகத்தில் ஒன்று விழிக்காமல் நின்றது. நாங்கள் மூவரும் ஒரே தூணில் சாய்ந்து நின்றோம். பெயர் அழைத்ததும் உள்ளே போனோம். நன்றாக யோசித்தீர்களா என்று நீதிபதி கேட்டார். யோசித்தோம் என்றார்கள். யாரேனும் வற்புறுத்தினார்களா என்றார்.

“சேந்து இருக்கச் சொல்லித்தான் ஐயா எல்லாரும் வற்புறுத்துனாங்க. பிரியச் சொல்லி யாரும் வற்புறுத்தல” என்றான் மகன்.

நீதிபதியின் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றி மறைந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. விவாகரத்து வழங்கப்பட்டது என்றார். ஒரு லாரிச் சரக்கை இறக்குவதற்கு ஆகும் நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் தங்கை மகள் தூணைப் பிடித்துக்கொண்டாள். மகன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினான். அவள் குடித்தாள். பிறகு வாசலில் அவன் தன் இருசக்கர வண்டியை உதைத்துக் கிளப்பும் ஓசை கேட்டது.

“ஏளா, ஆபீசுக்குப் போய் லீவு சொல்லணும்னியே. ஏறு.”

“ஹெல்மெட் எங்கலே?”

“இருக்கு. ஏறு மொதல்ல.”

“உப்பள ரோட்டுல பறந்தேன்னா எறங்கிருவேன், பாத்துக்கோ.”

வக்கீல் அம்மா என் அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் சர்வீஸ்ல டைவர்ஸ் வாங்கிட்டு ஒரே வண்டியில போற ஜோடிய இப்பதான் ஐயா பாக்குறேன்” என்றார். திருமணத்துக்குப் பின் நான் அந்த இருவரின் பழைய குரலைக் கேட்டிருக்கவில்லை. வண்டி திருப்பத்தில் மறையும் வரை அவர்கள் ஏதோ சச்சரவிட்டுக்கொண்டே போனார்கள்.

நான் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். தங்கை அடுக்களையில் தரையில் அமர்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று, ஆயிற்று என்றேன். அவள் கத்தி சற்று நின்று, மறுபடி ஓடியது. பல நாள்களுக்குப் பின் என்னோடு பேசினாள்.

“ஜட்ஜாவது காரணம் கேட்டாரா?”

“கேக்கல.”

“அவ சொன்னாளா ஒங்ககிட்ட?”

“நான் கேக்கல” என்றேன்.

அவள் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். சிறு வயதில் என்னுடைய ஒவ்வொரு ‘ஏன்’ என்ற கேள்விக்கும் என் பின்னால் ஓடி வந்தவள் அவள். “நீங்க கேக்காம இருக்க மாட்டீகளே அண்ணே” என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் தெருவில் வண்டியின் ஓசை கேட்டது. கூடவே இருவர் பேசும் சத்தமும் கேட்டது. அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். “வந்துட்டீகளா? ரெண்டு பேரும் காலக் கழுவிட்டு வாங்க பிள்ளைகளா, சோறு ஆறுது” என்று வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் காலத்தில் அவர்களை அழைத்த அதே குரல்.

தங்கை சென்ற ஆண்டு காலமானாள். மகன் கப்பலிலிருந்து இறங்கி ஓடி வந்து, மகனாக நின்று கொள்ளி வைத்தான். அவள் இல்லாததனால்தான் இதனை இப்போது எழுத முடிகிறது. அந்தப் பகலுக்குப் பின் காரணம் என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. ஊரார் கேட்டபோதும் “ஒத்து வரல, விட்டுட்டாக” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா? கேட்டு அறிந்துகொள்ள எனக்கு எத்தனையோ நாள்கள் வாய்த்தன. நான் கேட்கவில்லை.